கயிறு பிடித்தவளின் மூச்சு

அக்காவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து சென்னைக்குத் திரும்புமுன், அவளுடைய மகன் என் கணினியில் சில விளையாட்டுகளை ஏற்றிவைத்துவிட்டுப் போனான். ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் மாலை நேரங்களில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாகாது என்பது அவன் கருத்து. மறுக்கும் நிலையில் நான் இல்லை. ஆடிப் பார்த்தேன்.

முதலாவது லாரி ஓட்டுவது. விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்நிய நாட்டார். ஆயினும் நம்மவர் ஒருவர் அதில் நம் நெடுஞ்சாலையைப் புகுத்தியிருக்கிறார். பிறர் செய்த விளையாட்டில் இப்படி ஒருவர் சேர்க்கும் திருத்தத்திற்கு மோட் என்று பெயராம். கயத்தாற்றைக் கடந்து தெற்கே வந்தேன். வழியில் தேநீர்க் கடைகள் இருந்தன. எதிலும் நிறுத்த இயலவில்லை. இரண்டாவது வேளாண்மை. அதற்கான மோட் கோதுமை வயலை வாழைத் தோட்டமாக்குகிறது. எந்தக் காற்றுக்கும் அந்த வாழைகள் சாயவில்லை. ஏரல் பக்கத்து வாழையை அறிந்தவர் யாரும் அதை நம்பமாட்டார்.

மூன்றாவது கடலுக்குள் மூழ்குவது. மூச்சு குறையக் குறையத் திரையின் ஓரத்தில் ஒரு நீலக்கோடு சுருங்கும்; அது தீர்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும். மருமகன் அதற்கும் ஒரு மோட் போட்டிருந்தான்.

“இதப் போட்டாச்சுன்னா மூச்சே தீராது மாமா. நாள் பூரா கீழயே கெடக்கலாம்” என்றான்.

கிடந்து பார்த்தேன். மீன்களும் பவளமும் நன்றாகவே இருந்தன. அஞ்சுவதற்கு மட்டும் ஏதுமில்லை. அந்த மோடை நீக்கிவிட்டு மறுபடி ஆடியபோது, நீலக்கோடு சுருங்கும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். மருத்துவமனையில் அக்காவின் கட்டிலருகே இருந்தபோதும் நான் இதையே செய்ததாகச் செவிலிப்பெண் சொல்லியிருந்தாள். அவள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

இந்தப் பழக்கத்திற்கு ஒரு தொடக்கம் உண்டு.

புன்னைக்காயலில் நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது சங்குகுளி என்றொரு விளையாட்டு இருந்தது. கரையோரம் நங்கூரமிட்ட வள்ளத்திலிருந்து, சுண்ணாம்பு பூசிய ஓட்டுச் சில்லுகளைக் கடலில் எறிவோம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவன் மூழ்குவான். மற்றொருவன் மேலே கயிற்றைப் பிடித்திருப்பான். அதிகச் சில்லுகளோடு வருபவன் வென்றவன். அந்த வாரம் முழுவதும் நீர்க்கண்ணாடி அவனுடையது. ரப்பர் விளிம்பு வைத்த அந்தக் கண்ணாடி எங்களில் ஒருவனின் தகப்பனார் தோணியில் போய்க் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. வழக்கமாக அந்தப் பையனே வென்றதால், அதைப் பந்தயத்தில் வைப்பதில் அவன் தாராளமாக இருந்தான்.

சங்கெடுக்க ஆழத்தில் மூழ்குபவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தான் பிடிப்பது எங்கள் கரையின் வழக்கம். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. வழக்கத்தை மட்டும் விளையாட்டிலும் கண்டிப்பாகக் காத்தோம். ஆகவே ஒவ்வொருவனும் முதலில் ஒரு மச்சானைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. தங்கையுள்ள பையன்களுக்கு நல்ல கிராக்கி. மூன்று தங்கைகள் உள்ளவனிடம் நான் போய்ச் சேர்வதற்குள், தொட்டிலில் கிடந்தது உட்பட மூவருக்கும் நிச்சயமாகியிருந்தது.

கடலுக்குப் போனால் அக்காவோடுதான் போக வேண்டுமென்பது அம்மாவின் கட்டளை. அதனால் வள்ளத்தில் அக்காவும் இருந்தாள். கயிற்றைத் தான் பிடிப்பதாகச் சொன்னாள்.

“ஏலே, அக்காக்காரி எப்பிடில மச்சானாவா?” என்றான் கண்ணாடிக்காரன்.

அக்கா அதை மறுக்கவில்லை. விதியைத் திருத்தினாள்.

“மச்சான்னா சும்மா புடிக்கட்டும். நான் அவங்கூடவே மூச்சப் புடிப்பேன். எனக்கு முட்டிச்சுன்னா இழுத்துருவேன். போதுமால?”

தங்களுக்கு இதனால் நட்டமில்லை என்று கண்டு அவர்கள் இசைந்தார்கள். நட்டம் எனக்குத்தான். சில்லுகள் கைக்கு எட்டும் நேரத்தில் கயிறு என்னை மேலே இழுத்துவிடும். வாரந்தோறும் தோற்றேன். இன்னும் கொஞ்சம் பிடித்தால் என்னவென்று கேட்டால், “எனக்கு அம்புட்டுத்தாம்ல வருது” என்பாள். தெருவில் என்னை அரைமூச்சு என்று அழைக்கத் தொடங்கினார்கள். அக்காவோடு பேசுவதை நிறுத்தினேன். ஓட்டைக் கட்டிலில் படுத்தபடி, தங்கையுள்ள வேறு தெருப் பையன்களை மனத்துக்குள் தேடினேன்.

அதன்பின் ஒரு நாள், கொல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அக்கா முகத்தை அமிழ்த்தி நிற்கக் கண்டேன். எழுந்து மூச்சிரைத்தாள்; மறுபடி அமிழ்த்தினாள். தலைமுடி நனைந்து காய்ச்சல் வரும் என்று அம்மா வைதும் அவள் விடவில்லை. எனக்காகத்தான் பழகுகிறாள் என்பது விளங்கியது. கண்ணாடி கிடைத்துவிடும் என்று மகிழ்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கயிறு இழுபடவே இல்லை. வேண்டிய மட்டும் பொறுக்கினேன். மேலே வரத் திரும்பியவன், பாறையடியில் இன்னொன்று வெள்ளையாகத் தெரிய, அதற்காக மறுபடி கீழே போனேன். பிறகு நானாகவே மேலே வந்தேன்.

அக்கா என்னைத் தோளைப் பற்றி வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டாள். அவள் உதடுகள் கறுத்திருந்தன. கயிறு மணிக்கட்டில் இறுகிக் கிடந்தது. சில்லுகளை அவள் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அதன்பிறகே வாயைத் திறந்து மூச்சு விட்டாள்.

“மச்சான் அடிச்சுட்டாம்லே” என்று பையன்கள் சிரித்தார்கள்.

வென்றவனை ஏன் அடிக்க வேண்டும்? வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: தொட்டியில் அவ்வளவு பாடுபட்டவள் அவள், கண்ணாடி கிடைத்ததோ எனக்கு. ஆகவே அன்று மாலையே அதை அவளிடம் கொடுத்து, வாரம் முழுவதும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வாங்கிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினாள். ஒரு முறையும் அணிந்து பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, நான் முதல் சில்லைத் தொடுவதற்குள் கயிறு என்னை மேலே இழுத்துவிட்டது. கண்ணாடியைக் கொடுத்த பின்னும் அவளுக்குக் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.