முப்பது மடங்கு வீரியம்

அன்று கார்டிசோன் மாத்திரை தீர்ந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து பார்சல் வரப் பத்து நாளாகும் என்றார்கள். எங்கள் நோயாளி நாச்சிமுத்துவுக்கோ அந்த மாத்திரை ஒரு நாளும் நிற்கக் கூடாது. நின்றால் உயிருக்கு ஆபத்து.

சூரமங்கலத்தில் ஒரு சிறு ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் நான் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பார்மசியும் முதல் தடவையிலேயே தேறியிருந்தேன். ஆகவே நான் கலங்கவில்லை. இருபத்தைந்து மில்லிகிராம் கார்டிசோனுக்கு கையிருப்பில் இருந்த டெக்ஸாமெத்தசோன் முக்கால் மில்லிகிராம் சமம் என்று கணக்குப் போட்டு, சின்ன டாக்டரிடம் நீட்டினேன். பெரிய டாக்டர் ஊரில் இல்லை.

"பரவால்லையே, கணக்கு கரெக்டா இருக்கே" என்று கையெழுத்துப் போட்டார்.

நாச்சிமுத்து செவ்வாய்ப்பேட்டை உப்பு மண்டியில் மூட்டை தூக்கியவர். நோய் வந்தபின் தராசு பிடித்தார். புது மாத்திரையைக் கொடுத்து, "பழசைவிட இது முப்பது மடங்கு வீரியம்" என்றேன்.

"அப்ப நாளைக்கே மூட்டை தூக்கலாமுங்களா அம்மிணி?" என்று சிரித்தார்.

அவர் மனைவி பாவாயி குறுக்கிட்டார். "இவரு போறப்ப வாரப்பெல்லாம் உப்புக்கல்ல எடுத்து வாயில போட்டுக்குறாருங்க. சோத்துக்கும் தனியா ஒரு கை. சொன்னாக் கேக்கறதில்லீங்க."

"ஒடம்பு கேக்குதுங்களே" என்றார் அவர்.

உடம்பு கேட்பதையெல்லாம் கொடுப்பதானால் நான் எதற்குப் படித்தேன்? இரண்டு மாத்திரையும் ஸ்டீராய்டு வகை; ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும் என்பது என் நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடிட்ட வரி. "இந்த மாத்திரைக்கு உப்பு ஆகாது. மோரில்கூடப் போடக் கூடாது" என்றேன்.

ஒன்பதாம் நாள் அவரை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வாந்தி. கண் சொருகியிருந்தது. ஊர் திரும்பியிருந்த பெரிய டாக்டர் பிரஷர் பார்த்தார். கருவியில் ஏறவே இல்லை.

"அம்மிணி சொன்னாப்புலயே உப்புச்சட்டியப் பக்கத்து ஊட்டுக்கே குடுத்துட்டனுங்க" என்றார் பாவாயி அழுதுகொண்டே. "ஒரு கல்லுகூட இவரத் தொட விடுலீங்க."

என் பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்ட குடும்பம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பெரிய டாக்டர் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டு, டிரிப்பும் ஏற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த பாட்டில்ல என்ன இருக்கும்மா?"

"நார்மல் சலைன், சார்."

"அதுல?"

"உப்பு, சார்."

"நீ வாய் வழியா நிறுத்தினதை நான் நரம்பு வழியா ஏத்திட்டிருக்கேன்."

சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, நோயையும் பட்டினியையும் தாங்கும் தெம்பைக் கொடுப்பது. மற்றது, உடம்பின் உப்பைச் சிறுநீரில் போகாமல் பிடித்துவைப்பது. நாச்சிமுத்துவுக்கு அந்தச் சுரப்பியைக் காசநோய் தின்றுவிட்டிருந்தது. கார்டிசோன் முதல் வேலையை முழுதாகவும் இரண்டாவதைக் கொஞ்சமும் செய்யும். டெக்ஸாமெத்தசோனின் முப்பது மடங்கு வீரியமெல்லாம் முதல் வேலையில்தான். உப்பை அது ஏறக்குறைய திரும்பியே பார்க்காது. என் சிவப்பு மை வரியும் பொய்யில்லை. நல்ல சுரப்பி உள்ளவர் ஆஸ்துமாவுக்குப் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நிறையச் சாப்பிட்டால் உப்பும் நீரும் தேங்கி உடம்பு வீங்கும். அவருக்கு அது சரி. இவருக்கோ ஒழுகிப்போன உப்பைக் கைநிறைய அள்ளி ஈடுகட்டியது அவர் நாக்கு ஒன்றுதான். நான் அதையும் கட்டிப்போட்டேன்.

கவுண்டரில் புதிதாக உட்காருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு மருந்துக்குப் பதிலாக இன்னொன்று கொடுக்கும்போது மில்லிகிராம் கணக்கோடு நிற்காதீர்கள். பழையது செய்த எந்த வேலையைப் புதியது செய்யாது என்றும் கேளுங்கள். நோயாளி எதையாவது விடாமல் தின்றால், தடுப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் நாச்சிமுத்து எழுந்து உட்கார்ந்தார். பார்சலும் வந்தது. கார்டிசோன் கவரின்மேல், பெரிய டாக்டர் சொன்னபடி, 'உப்பு தாராளமாகச் சேர்க்கவும்' என்று என் முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பாவாயி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இதத்தானுங்க அம்மிணி, இவரு அன்னைக்கே சொன்னாரு" என்றார்.