ஒன்றுக்கு அடுத்து பத்து

லிங்கராஜபுரம் யூனிஸ் பதினோரு வருடம் ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். 2003இல் வைட்ஃபீல்டு கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். அச்சுப் புத்தகங்களைக் கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் கோப்புகளாக மாற்றித் தருவது அங்கே தொழில். மூலத்தையும் மாற்றியதையும் ஒப்பிட ஒரு மென்பொருள் இருந்தது. அது பச்சை காட்டினால் யூனிஸ் டிக் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த வாரம் வந்தது நர்ஸுகளுக்கான கையேடு. நானூறு பாடமும் பச்சை. ஆனால் எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க யூனிஸால் முடியாது. காயத்துக்குக் கட்டுப் போடும் பாடத்தில் முதல் படி, கை கழுவுவது. அடுத்த வரியே கட்டுக்கு முடிச்சுப் போடச் சொன்னது. காயத்தைத் துடைப்பது அதற்கும் கீழே இருந்தது.

டீம் லீடர் மஞ்சுநாத்திடம் போய்ச் சொன்னாள்.

"டூல் பாஸ் பண்ணிடுச்சு இல்ல? பின்ன என்ன யூனிஸ்?"

"பன்னெண்டு படியும் இருக்குது சார். வரிசைதான் மாறிப்போச்சு. உங்க டூலு எத்தனை பேருன்னுதான் எண்ணுது. யார் முன்னால, யார் பின்னாலன்னு பாக்கல."

மஞ்சுநாத் படித்துப் பார்த்தார். "அய்யோ தேவரே" என்று கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கோப்பு மறுநாள் போயாக வேண்டும்.

புரோகிராமர் க்ளென் வந்து நின்றான். "நானூறையும் எப்படிக்கா பாக்கிறது?"

"பஸ் க்யூ மாதிரிதாம்ப்பா. ஒவ்வொரு படியையும் கூப்பிட்டு, உனக்கு முன்னாடி யாரெல்லாம் நிக்கிறாங்கன்னு கேக்கச் சொல்லு. புஸ்தகத்துல ஒரு பதில், இங்க ஒரு பதில்னா சிவப்பு காட்டட்டும்."

மதியச் சாப்பாட்டுக்குள் க்ளென் எழுதிவிட்டான். முப்பத்தொரு பாடம் சிவந்தது. எல்லாமே பத்துப் படிக்கு மேல் உள்ளவை. கோப்புகளை மாற்ற அவன் எழுதியிருந்த புரோகிராம், படி எண்களை அகராதிச் சொற்களைப் போல முதல் எழுத்தை வைத்து அடுக்கியிருந்தது. அதனால் பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் புகுந்துவிட்டன. முன்பு அவன் சோதித்துப் பார்த்த பாடங்களெல்லாம் பத்துப் படிகூட இல்லாத சின்னவை.

"என் தப்புதாங்க்கா," என்றான் மெதுவாக.

"சரி பண்ணு, போ. நான் டீ வாங்கிட்டு வரேன்."

மறுநாள் கோப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் மதிய இடைவேளைகளில் க்ளெனிடமே கேட்டுக் கேட்டு யூனிஸ் புரோகிராம் எழுதப் பழகினாள். இரண்டு வருடத்தில் சோதனைகளை எழுதுவதே அவள் வேலையாயிற்று. வரிசையைப் பார்க்கும் அந்த முதல் சோதனைக்கு ஆபீஸில் அவள் பெயரையே வைத்துவிட்டார்கள்.

"யூனிஸ் ஃபெயில் ஆயிடுச்சு," என்று யாராவது சத்தமாகச் சொன்னால் ஆரம்பத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். பிறகெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பாள்:

"எத்தனாவது வரியில?"