யாரோ அடித்த மணி

காலையிலிருந்தே மணிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், வாசல்வரை போனார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார்.

"என்னங்க இது, குட்டி போட்ட பூனையாட்டம்? வர்றது ஒரு டீச்சர். போலீஸ் இல்ல," என்றாள் மனைவி.

போலீஸ் வந்திருந்தால்கூட அவர் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். நாட்டின் சைக்கிள் பந்தயச் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார் அந்த டீச்சர். தபால்காரர்களும் பால்காரர்களும் புழுதியில் முட்டி மோதிய முதல் பந்தயத்தில் தொடங்கி, பெண்களின் முதல் தேசியப் பந்தயம்வரை வந்துவிட்டார். அதில் முன்னால் போனவள் மனைவி. கடைசிச் சுற்று மணியை அடித்தவர் இவர்.

அன்று மழை ஓய்ந்த நேரம். மீதிச் சுற்றுகளைக் காட்டும் தகர எண்களை அவர்தான் திருப்ப வேண்டும். மூன்றாம் எண் தகரத்தைத் திருப்பினார்; ஈரத்தில் அதோடு ஒட்டியிருந்த இரண்டாம் எண்ணும் சேர்ந்து புரண்டது. பலகையில் ஒன்று. ஒன்று வந்தால் மணி. கை பழக்கத்தில் அடித்துவிட்டது!

அந்த ஒரு சுற்றில் உயிரையே மிதித்துத் தீர்த்தாள் அவள். கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கி, இறங்கிப் புல்லில் விழுந்தாள். அதற்குள் எண்ணைச் சரிசெய்திருந்த இவர், பின்னால் வந்தவர்களுக்கு உண்மையான கடைசிச் சுற்று மணியை அடித்தார்.

"முதல் மணி யார் அடிச்சது?" என்று நடுவர் கேட்டார்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். "கூட்டத்துல யாரோட சைக்கிள் மணியோ, சார்," என்றார் இவர்.

முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தது. 'பாதியில் விலகினார்' என்று அவள் பெயருக்கு நேரே எழுதினார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் அவள் வீட்டுக்குப் போனார். போனவர் பெண் கேட்டுவிட்டு வந்தார். முப்பத்து நான்கு வருடமாகிறது. தங்கள் வீட்டுக்கு வந்த எந்தச் சைக்கிளிலும் அவள் மணி வைக்க விட்டதில்லை. மகளின் சின்ன சைக்கிள் மணியைக்கூட ஸ்பானர் வைத்துக் கழற்றிவிட்டாள்.

டீச்சர் வந்து நோட்டைத் திறந்தார். "ஏம்மா பாதியிலேயே விலகினீங்க?"

மனைவி சிரித்தாள். "எவனோ கேரியர்ல மூட்டை கட்டிக்கிட்டுப் போனவன் மணி அடிச்சான். அதுக்கு நான் ஜெயிச்சுட்டேன்! என் காது லட்சணம் அப்படி. எழுதிக்கோங்க, ஊரே சிரிக்கட்டும்."

டீச்சரின் பேனா இறங்கியது. அது காகிதத்தைத் தொடும் முன் மணிக்காரர் எழுந்துவிட்டார்.

"எழுதாதீங்க. அந்த மணியை அடிச்சது நான்தான்."

தகரத்தையும் ஈரத்தையும் பொய்யையும் நின்றபடியே கொட்டித் தீர்த்தார். மனைவியின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து, பிறகு மெல்ல வடிந்தது.

"அப்போ என் காதுல கோளாறு இல்ல?"

"இல்லம்மா."

"எத்தனை தடவை, என் வாயாலயே என்னைக் கேலி பண்ணிக்கிட்டேன்... பக்கத்துல உட்கார்ந்து நீங்களும் சிரிச்சீங்களே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் திரும்பினாள்.

"விலகினார்ங்கிறதை அடிச்சுடுங்க டீச்சர். நான் விலகல."

பிறகு அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "என் சைக்கிளுக்கு ஒரு மணி வேணும். நல்லா சத்தமா. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தவர், அவள் முதுகைப் பார்த்ததும் அந்தச் சொல்லை விழுங்கினார். கடைத்தெருவை நோக்கி வேகமாக நடந்தார். பாதி வழியில்தான் பார்த்தார்: ஒரு காலில் அவர் செருப்பு, மறு காலில் அவள் செருப்பு.