அரைக்காத சந்தனக்கட்டை

அப்பாவிடம் ஒரு சந்தனக்கட்டை இருந்தது. ஒரு சாண் நீளம், என் மணிக்கட்டுப் பருமன். பழைய வேட்டித் துண்டில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். அவர் செத்தபின், சவப்பெட்டியை மூடுமுன் நெஞ்சின்மேல் வைப்பதற்காம். மற்றவர்கள் செத்தால், வந்தவர்கள் ஆளுக்கொரு சந்தனச் சீவல் வைத்தால் போதும். இவருக்கு முழுக்கட்டை வேண்டும். என்ன பெருமையோ!

என் மகளுக்கு ஆறு வயதில் அம்மை போட்டது. இறங்குகிற சமயம், பிள்ளை அரிப்பு தாங்காமல் அழுதாள். கட்டையைக் கொஞ்சம் அரைத்துத் தடவினால் குளிர்ச்சியாக இருக்குமே என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அது வேணாம்மா. நெஞ்சுக்குன்னு எடுத்து வச்சதை அரைக்கக் கூடாது. கடையில வாங்கிக்க."

தேக்கா கடைத்தெருவுக்கு ஓடிப்போய்ச் சந்தனத்தூள் வாங்கி வந்தேன். சோப்பு வாசனை அடித்தது. இருந்தாலும் பூசினேன். புண் இன்னும் சிவந்து சீழ் பிடித்தது. இன்றைக்கும் அவள் நெற்றியில் இரண்டு குழி இருக்கிறது. பேத்தியைவிடக் கட்டை பெரிதாகிவிட்டது இந்த மனிதருக்கு என்று எனக்கு ஆத்திரம் தீரவே இல்லை. வாயால் சொல்லவில்லை, வயிற்றில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து அப்பாவுக்குச் சிறுநீரகம் போனது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதைவிடக் கொடுமை அரிப்பு. கிளினிக்கில் கொடுத்த களிம்பு ஒரு மணி நேரம் கேட்கும், அவ்வளவுதான். சீப்பின் முதுகால் கையைச் சொறிந்துகொண்டே இருப்பார். கை முழுக்கக் கோடு கோடாக ரத்தம் கட்டியிருக்கும்.

ஒருநாள் மத்தியானம் நான் வேலை முடிந்து வந்து சோற்றில் கை வைத்த நேரம். கட்டிலிலிருந்து கூப்பிட்டார்.

"அந்தக் கட்டைய எடுத்துக் கொஞ்சம் அரைச்சுத் தாயேன்மா. உடம்பெல்லாம் எரியுது."

கேட்டவுடனே எடுத்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருந்ததா?

"நெஞ்சுக்குன்னு வச்சதை அரைக்கக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க? என் புள்ள கதறினப்ப கூடாது, இப்ப மட்டும் கூடுமா?"

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"சாவுக்கு எடுத்து வச்சது. சின்னப் புள்ள மேல பூச மனசு வரல. நான் போறவன்தானே, எனக்குப் பூசலாம்னு நெனச்சேன். சரி, விடு லா."

ஆனாலும் எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டு முடித்தேன், தட்டைக் கழுவினேன். நாளைக்கு அரைத்துக் கொடுத்தால் போகிறது என்று இருந்தேன். இவ்வளவு நாள் வைத்திருந்த கோபத்தை ஒரே நாளில் இறக்கிவைக்க எனக்கு வீம்பு விடவில்லை. மறுநாள் வேலை, அதற்கடுத்த நாள் டயாலிசிஸ். அவர் திரும்பக் கேட்கவில்லை. சீப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் அதுவும் நின்றது.

மண்டாய் தகனக்கூடத்தில் பெட்டியை மூடுமுன் வேட்டித் துண்டைப் பிரித்துக் கட்டையை எடுத்தேன். அத்தனை வருடம் கழித்தும் கூடம் முழுக்க மணத்தது. அவர் நெஞ்சின்மேல் வைத்தேன். ஒரு இழைகூடத் தேயாத கட்டை.

சித்தப்பா குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

"இந்தக் காலத்துல யாருக்கும்மா முழுக்கட்டை கெடைக்குது? அண்ணன் சொன்னத அப்படியே செஞ்சிட்ட. கொடுத்து வச்ச மனுஷன்."

அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டது நான்தான். சீப்புக் கோடு தெரிய ஒரு பக்கம் சட்டைக்கை சற்று மேலேறியிருந்தது. அதை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டேன்.