வெடிக்குப் பின் துடிக்கும் விளக்கு

அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டியது எங்கள் ஊர். மதியம் சங்கு ஊதினால் வெடி வைக்கப்போகிறார்கள் என்று பொருள். கண்ணாடி டம்ளர்களை அலமாரியிலிருந்து தரைக்கு இறக்குவோம். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைப்போம். தரை ஒருமுறை அதிரும். பிறகு மறுபடி போடுவோம்.

மகளின் லினக்ஸ் கம்ப்யூட்டரையும் அப்படித்தான் செய்தேன். கல்யாணப் பேச்சில் சண்டையிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனவள், "அத ஆஃப் பண்ணிடாதம்மா. அங்கேருந்தே நெட் வழியா அதுக்குள்ள வந்து வேலை பாப்பேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதன்பின் என் போனை எடுக்கவேயில்லை.

வெடி அடங்கி சுவிட்சைப் போட்டால், ஆளில்லாத அந்த அறையில் டிஸ்க் கரகரவென்று ஓடத் தொடங்கும். சிவப்பு விளக்கு துடிக்கும். தினமும் இப்படித்தான். வெடிக்காகவே யாரோ காத்திருந்ததுபோல. முதலில் பயந்தேன். பிறகு, அவள்தான் வருகிறாள் என்று தேற்றிக்கொண்டேன். கதவோரம் நின்று, "சாப்டியாடி?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

கரகரப்பு கூடியதால், பெரம்பலூரில் இருக்கும் அவளுடைய கல்லூரித் தோழியை வரச் சொன்னேன்.

"காலேஜ்லேருந்து அதே பாஸ்வேர்டு, சோம்பேறி!" என்று சிரித்தபடி ஏதோ தட்டினாள். "பேயெல்லாம் இல்லம்மா, டைமரு. மதியம் டிஸ்க்கைச் சரிபாக்கச் சொல்லி அவ வச்சுட்டுப் போயிருக்கா. நீங்க அந்த நேரம் பாத்து ஆஃப் பண்ணிடுறீங்க. விட்டுப்போனத, ஆன் பண்ணதும் அதுவே செஞ்சுடுது."

"அப்ப அவ வரலியா?"

இன்னொரு வரி தட்டினாள். சிரிப்பு நின்றது.

"மொதல்ல தினம் உள்ள வந்துருக்கா. இப்ப ரொம்ப நாளா வரவே இல்லம்மா."

அன்றே பஸ் ஏறினேன். பெங்களூரில் அவள் தங்கியிருந்த விடுதியில் கேட்டு, ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தேன். டெங்குவில் துவண்டு கிடந்தாள். வீட்டுக்குச் சொல்லக்கூடாதென்று அறைத்தோழியிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம். அவள் அங்கே கிடந்த நாட்களிலும் இங்கே விளக்கு துடித்துக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். டைமரின் நேரத்தை இன்னும் மாற்றவில்லை. இன்றும் சங்கு ஊதியது. அணைத்தேன், வெடி அடங்கியதும் போட்டேன். கட்டிலில் அவள் அசையாமல் தூங்க, பக்கத்தில் டிஸ்க் ஓடத் தொடங்கியது.

அது டைமர் என்று எனக்குத் தெரியும். அவள் மூக்கருகே விரலை வைத்து, மூச்சு படும்வரை நின்றேன்.