தேறிவிட்டாள் என்று யார் சொல்வது

என் தங்கை போராடி வாங்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உருளை மெஷினுக்கு இரண்டாவதாக ஒரு நிறுத்தக் கைப்பிடி. வேலை பழகுகிற பெண் "எனக்கு இன்னும் வரவில்லை" என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு. மேல்மாடித் தையல் அறையில் ஒரு நாற்காலி. ஒரு கால் சற்றுக் குட்டைதான், இருந்தாலும் உட்கார்ந்து செய்கிற வேலை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக மேலே ஏறிவர ஒரு முறை. இவ்வளவையும் வாங்கியவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள், வெக்கை ஆகாத உடம்புக்காரி, நாலு பேர் நடுவில் குரல் எழும்பாதவள். இந்த வரியைப் படித்துக் காட்டியபோது, "வீட்ல உன்கிட்ட எழும்புமே, அதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

அம்மா படுத்த படுக்கையாக இருந்த வருடங்களில் பகலில் வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டியிருந்தது. நான் எட்டாவது வரை போனேன். அவள் வீட்டில் இருந்தாள். அம்மா காலமான பிறகு நான் பைண்டிங் கடையில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன், அவள் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள்.

ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகத் துணி வந்து இறங்கும் பெரிய சலவைக்கூடம். அதில் உருளை அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரே கதவு, அதையும் தள்ளுவண்டிகள் வந்து அடைத்துக்கொள்ளும். நடுவில் ஆள் உயரத்துக்கு மெஷின். ஈரம் பாதி போன படுக்கை விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து ஓடுகிற பட்டைமேல் வைப்பார்கள். சூடான உருளைகள் அதை உள்ளே வாங்கி, மறுபக்கம் காய்ந்து வழவழப்பாகத் துப்பும். அங்கே இன்னும் இரண்டு பேர் பிடித்து மடிப்பார்கள். துணி விடுகிற வேலையில் என் தங்கையை மிஞ்ச ஆள் இல்லை. அவள் விட்ட விரிப்பில் ஒரு சுருக்கம் காட்டினால் காதை அறுத்துக்கொள்கிறேன் என்று மடிப்பு மேசைப் பெரியம்மா சவால் விடுவாள். அந்தப் பெரியம்மா அங்கே யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பெரியம்மா.

மூன்றாவது வருடக் கோடையில் என் தங்கை தள்ளுவண்டிமேல் மயங்கி விழுந்தாள். வெக்கையை விட்டு வெளியே வராவிட்டால் இது திரும்பத் திரும்ப வரும் என்றார் டாக்டர். மேல்மாடியில் கிழிசல் தைக்கிற அறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. மேனேஜரிடம் போய்க் கேட்டாள்.

மேனேஜர் சட்டை கஞ்சி போட்டு அப்படி ஒரு விறைப்பு. அவர் திரும்பினால் சட்டை சற்றுத் தாமதமாகத் திரும்பும். பெண்கள் அவரைக் கஞ்சி என்றுதான் சொல்வார்கள்.

"தாராளமா போ. யாரு வேணாம்னா?" என்றார். "உனக்குப் பதிலா ஒரு ஆள ட்ரெயின் பண்ணிட்டுப் போ."

ஆள் வந்தாள். என் தங்கை அவளைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு மூலையை அவள் கையில் கொடுத்து, மறு மூலையைத் தான் பிடித்துப் பழக்கினாள். புதியவள் தடுமாறினால் இவள் தன் பக்கத்தை இழுத்து அந்தப் பக்கத்தையும் நேராக்கிவிடுவாள். கொஞ்ச நாளில் அவள் தேறினாள். தேறியதும் கஞ்சி அவளைப் பெரிய சாலைக் கிளைக்கு அனுப்பிவிட்டார். அங்கே புது மெஷின் வந்திருக்கிறதாம். "அடுத்த ஆள் வருது, கவலைப்படாத." அடுத்தவளும் வந்தாள், தேறினாள், போனாள். அதற்கடுத்தவளும் அப்படியே. "உன் கை பட்டா ஆள் தேறிடுதும்மா" என்று அவர் மெச்சிக்கொண்டபோது, அவளுக்கு அழுகை வந்ததாம்.

வீட்டில் எங்களுக்கு ஓர் அறையும் சமையலறையும். வேலை விட்டு வந்ததும் சமையலறையின் சிமெண்டுத் தரையில் முதுகைக் கொடுத்துப் படுத்துவிடுவாள். நான் அவளைத் தாண்டித் தாண்டித்தான் டீ போட வேண்டும்.

"அண்ணா, நான் கெணத்துக்குள்ள நிக்கிறேன். வர்றவங்கள எல்லாம் தோள்ல ஏத்தி வெளிய அனுப்புறேன். கடைசியில எனக்குத் தோள் குடுக்க யாரு இருக்கா?"

"வேலைய விட்டுடேன்."

"விட்டுட்டு? உன் பசைய நக்கவா?"

இன்னொரு வழியும் சொல்லப்பட்டது. சொன்னவள் பெரியம்மா. "நீ ஏண்டி முழுசா சொல்லிக்குடுக்கிற? அரைகுறையா விடு. தேறாத ஆள எவன் தூக்கிட்டுப் போவான்?"

அடுத்து வந்தவளிடம் என் தங்கை அதைச் செய்து பார்த்தாள். இந்த வேலையில் சொல்லியே தீர வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விரிப்பின் ஓரம் மடங்கிக்கொண்டு உள்ளே போனால், யாருக்கும் கை தானாகப் பின்னால் இழுக்கத்தான் போகும். இழுக்கக் கூடாது. விட்டுவிட வேண்டும். துணி கெட்டால் திரும்பத் துவைக்கலாம். முதல் நாளே சொல்ல வேண்டிய அதை அவள் சொல்லாமல் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் ஒரு மேசை விரிப்பு மடங்கியது. அந்தப் பெண் இழுத்தாள், மெஷினும் இழுத்தது. சட்டைக் கையின் விளிம்பு உருளையைத் தொட்டுவிட்டது. நிறுத்தக் கைப்பிடி என் தங்கை பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அவள் பாய்ந்து அதை அடித்ததால் மணிக்கட்டில் ஒரு சூட்டுக் கொப்பளத்தோடு போயிற்று. அந்தப் பெண் மறுநாள் வரவில்லை. என் தங்கை ஒரு வாரம் பெரியம்மாவோடு பேசவில்லை.

ஆக, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் ஆள் போய்விடுகிறாள். சொல்லிக்கொடுக்காவிட்டால் கை போய்விடும். அதற்குப் பிறகு அவள் வீட்டில் வாயே திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பள்ளிக்கூட நூலகத்திலிருந்து முதுகு பிய்ந்த ஆங்கில அகராதி தைக்க வந்தது. அர்த்தத்தோடு, சொல் எங்கிருந்து வந்தது என்பதும் போட்ட அகராதி. கட்டுகளைப் பிரித்து வரிசை பார்க்கும்போது கஞ்சி சொல்கிற ட்ரெயின் என்ற சொல் கண்ணில் பட்டது. என் ஆங்கிலம் எழுத்துக்கூட்டுகிற ஆங்கிலம்தான். கடை முதலாளி அர்த்தம் சொல்லச் சொல்ல, ஓர் அட்டைத் துண்டில் குறித்துக்கொண்டு போனேன். அவளைப் பேசவைக்க வேறு வழி தெரியவில்லை.

"வாய்க்கு வாய் ட்ரெயின் ட்ரெயின்னு சொல்றாரே உங்க கஞ்சி, அதுக்கு ஆதியில என்ன அர்த்தம் தெரியுமா?"

தரையில் படுத்திருந்தவள் கண் திறக்கவில்லை. "ஆள் புடிக்கிறதா?"

"இழுக்கிறது. தரையோட இழுத்துக்கிட்டுப் போறது. பழைய பிரெஞ்சு சொல்லாம். அப்புறம் ராணிங்க உடுப்புக்குப் பின்னால ஒரு முழம் தரையில இழுபடுமே, அந்தத் துணிக்கும் அதே பேரு. பின்னாலயே வர்ற ஆள் கூட்டத்துக்கும் அதே பேரு. ரயிலுக்கும் அதனாலதான் அந்தப் பேரு. ரயிலுக்கெல்லாம் முன்னாடி, கொடிய செவுத்துல இழுத்துக் கட்டி நாம நெனச்ச பக்கம் வளர வைக்கிறது. மனுசங்களப் பழக்குறதும் அந்த வழியில வந்ததுதான்."

"கொடிக்கும் எங்களுக்கும் ஒரே கயிறா?" சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. பிறகு எழுந்து உட்கார்ந்தாள். "சரியாத்தான் பேர் வெச்சிருக்கான். மெஷின் இழுக்குது, நான் இழுக்குறேன், நான் இழுக்குறதுக்குப் பின்னால அவளுங்க வர்றாளுங்க."

"டீச்னு இன்னொரு சொல் இருக்கு. அது வேற வழி. அதுக்கு முதல் அர்த்தம் காட்டுறது. இதோ பாருன்னு விரல் நீட்டிக் காட்டுறது. அடையாளத்துக்கு அவங்க சொல்ற டோக்கனும் இதுவும் ஒரே வேராம்."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். அவள் தன் வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை நீட்டிப் பார்த்தாள். "விரல் நீட்டுற கையில துணி இருக்காதுல்ல?" என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்து வந்த பெண் முன்பு ஒரு சினிமா கொட்டகையில் சீட்டுக் கிழித்தவள். கொட்டகை மூடிவிட்டதால் இங்கே வந்தாள். எல்லோரும் டிக்கெட் என்று கூப்பிட்டார்கள். இரண்டு பிள்ளைக்காரி, பத்தாவது படித்தவள், பேச்சில் பட்டாசு. இவளைப் பழக்கும்போது என் தங்கை துணியைத் தொடவில்லை. முதலில் இரண்டு விரிப்புகளை விட்டுக் காட்டினாள். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று விரலால் காட்டினாள். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"என்னக்கா, பரிசு வாங்குற மாதிரி நிக்கிறீங்க? ஒரு கை குடுங்க!"

"கை குடுத்தா உனக்குக் கை வராது."

டிக்கெட் பழக அதிக நாள் ஆயிற்று. துணியும் அதிகம் கெட்டது. ஆனால் அடுத்து சின்ன உருவமாக ஒருத்தி, எல்லோருக்கும் சின்னவள், வேலைக்கு வந்தபோது, அவளுக்குச் சொல்லிக்கொடுக்க என் தங்கை போகவில்லை. டிக்கெட்டை அனுப்பினாள். கஞ்சி தூக்கிக்கொண்டு போவது வேலை தெரிந்த ஆளை. தன் இடத்துக்கு வேண்டியதோ வேலை காட்டத் தெரிந்த ஆள். இதை அவள் என்னிடம் சொன்னது பிற்பாடுதான்.

வழக்கம்போல ஒரு நாள் கஞ்சி கீழே இறங்கி வந்தார். "டிக்கெட், நாளைலருந்து நீ பெரிய சாலைக் கிளை."

"நான் இன்னும் தேறல சார்."

"நேத்து பாத்தேனே. கண்ணாடி மாதிரி வந்துச்சே துணி."

"நேத்து வந்துச்சு சார். இன்னிக்குப் பாருங்க." ஒரு விரிப்பை எடுத்து விட்டாள். மறுபக்கம் அது சுருண்டு பூனைக்குட்டி போல வந்து விழுந்தது. பெரியம்மா அதை இரண்டு கையாலும் தூக்கி, "அய்யோ, பாவம்" என்று தட்டிக்கொடுத்தாள்.

"என்னம்மா, நாடகமா போடுறீங்க?" என்று கஞ்சி என் தங்கையைப் பார்த்தார். உருளை நின்றிருந்தது. கதவருகே தள்ளுவண்டிகள் நிறைந்து நின்றன.

"தேறிட்டான்னு சொல்லிக்குடுத்தவங்கதான் சார் சொல்லணும்" என்றாள் என் தங்கை. அவள் குரல் தனக்கே கேட்கவில்லையாம். டிக்கெட் அதை ஒரு தரம் உரக்கத் திருப்பிச் சொன்னாளாம். "அவ தேறுனா மட்டும் போதாது. இன்னொருத்திய அவ தேத்தணும். அன்னிக்கு நான் மேல போறேன். அந்த இன்னொருத்தி அடுத்தவளத் தேத்துனா இவ மேல வரணும். அந்தந்த முறை வர்ற வரைக்கும் இங்கருந்து யாரையும் எடுக்கக் கூடாது."

"பெரியம்மா, இது உங்க யோசனையா?"

"என் யோசனை கேட்டு ஒருத்தி கைய சுட்டுக்கிட்டா சார். அதோட நான் யோசிக்கிறத விட்டுட்டேன்."

கஞ்சி வண்டிகளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்ததாம். "சரி, உன் வழிக்கே வர்றேன். ஆனா வாய்ச்சொல் செல்லாது. யார் தேறிட்டான்னு சொல்றாங்களோ அவங்க எழுத்துல குடுக்கணும். நாளைக்கு இவ கை உள்ள போச்சுன்னா கேஸு உன் பேர்ல. கைநாட்டெல்லாம் நான் எடுத்துக்க மாட்டேன். எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

அவள் சம்பளத்துக்குக் கட்டைவிரல் வைப்பது அவருக்குத் தெரியும்.

அன்று வீட்டில் தரையில் படுக்கவில்லை. அறையில் நடந்துகொண்டே இருந்தாள். எழுத்து அவளுக்குப் பயமில்லை. "மேல போயும் நான் இங்கயே இருப்பேன் அண்ணா. அவ கை என் பேரோட கட்டியிருக்கும். கீழ ஒரு சத்தம் கேட்டா ஊசிய அப்படியே போட்டுட்டு ஓடி வரணும்." நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். "நீ சும்மா இரு" என்றாள். மறுநாள் கஞ்சியிடம் போய், மெஷினின் அந்தப் பக்கமும் ஒரு நிறுத்தக் கைப்பிடி வைக்காமல் தேறிவிட்டாள் என்று யாருக்கும் எழுதித் தர முடியாது, பழகுகிறவளே இன்னும் வரவில்லை என்றாலும் எழுத மாட்டேன் என்றாள். கைப்பிடியை அவர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அந்த மாதங்களில் அவள் இரண்டு தரம் மயங்கினாள். இரண்டாம் முறை அவரே கண்ணால் பார்த்தார். மெக்கானிக் வந்து கைப்பிடி வைத்துவிட்டுப் போனான்.

அதற்குள் எழுத்து வந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தவள் டிக்கெட். உலர்த்தும் மெஷினின் வட்டக் கண்ணாடியில் ஆவி படியும். அதில் விரலால் எழுதுவார்கள். தொடக்கத்தில் டிக்கெட் இவள் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் ஓட்டியிருக்கிறாள். "இழுக்காதடி. நீ எழுதிக் காட்டு, நான் பாத்துக்கறேன்" என்று கையை உதறிக்கொண்டாளாம் என் தங்கை.

கடைசியில் சின்னவள் தேறிவிட்டாளா என்று பார்க்கும் நாள் வந்தது. கஞ்சி நின்று பார்த்தார். ஒரு மூலையில் டிக்கெட். மறு மூலையில் சின்னவள். என் தங்கை மடிப்பு மேசைப் பக்கம், எந்தக் கைப்பிடிக்கும் எட்டாத இடத்தில் நின்றாள். பத்துப் பன்னிரண்டு விரிப்புகள் வழவழப்பாக வந்தன. அதன் பிறகு ஒன்று சின்னவள் பக்கம் மடங்கியது. துணியோடு அவள் கையும் முன்னால் போனது. டிக்கெட் வாயைத் திறக்கவில்லை. சின்னவள் விரல்களை விரித்துத் துணியை விட்டுவிட்டு, கைப்பிடியைத் தட்டினாள். விரிப்பு பாதி கருகி வெளியே வந்தது. அறையே கைதட்டியது.

"துணி வீணாப் போச்சு. இதுக்கா கைதட்டுறீங்க?" என்றார் கஞ்சி.

"விட்டுட்டா சார், பாத்தீங்கள்ல?" என்றாள் என் தங்கை. "தாள எடுங்க."

டிக்கெட் தேறிவிட்டாள் என்று அவர் எழுதிக்கொண்டு வந்திருந்ததை மடிப்பு மேசைமேல் வைத்து, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தாள். அவசரப்படுத்திய மேனேஜரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி படித்தாள். சின்னவளைக் கூப்பிட்டு, "நீ சொல்லு, வந்துடுச்சா?" என்று கேட்டாள். "வந்துடுச்சுக்கா" என்றாள் சின்னவள். அதன் பிறகுதான் பேனாவைக் கையில் வாங்கினாள்.

என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2009-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ஆம் தேதி, புதன்கிழமை.