கட்டிலையும் கந்தோர் என்று எழுதிய வருசம்

பிள்ளைகளே, ரிஸ்வி, பர்ஸானா, சின்னவன் நிஹாத்! இந்த லண்டனில் ஒரு தேத்தண்ணி வாங்கினாலும் கூடவே ஒரு துண்டுக் கடதாசி தருகிறார்கள். தேத்தண்ணியில் சாயமும் இருக்காது, சூடும் இருக்காது. ஆனால் எத்தனை மணிக்கு, எந்தக் கடையில், என்ன விலைக்கு அந்த வெந்நீரைக் குடித்தோம் என்பதற்கு அத்தாட்சி இருக்கும். வந்த புதிதில் அந்தத் துண்டுகளைக் கசக்கி எறிந்துகொண்டிருந்தேன். என்னோடு மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடும் சோமாலிக்காரன் ஒருவன் ஓடிவந்து பொறுக்கித் தந்து, வரியில் கழிக்கிற காசை நான் எறிவதாகச் சத்தம் போட்டான். அன்றிலிருந்து நானும் பெற்றோல் துண்டு, டயர் துண்டு, கார் கழுவிய துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்க்கிறேன். செலவழித்ததை நினைத்துச் சந்தோசப்படும் சனத்தை இந்த நாட்டில்தான் கண்டேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் இன்னும் லண்டனுக்கு வந்து சேராததற்குக் கல்முனையில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்களாம். வாப்பா அங்கே வேறு குடும்பம் எடுத்துவிட்டார் என்றும் ஒரு கதை ஓடுவதாக உம்மா சொன்னா. இருக்கிற ஒரு குடும்பத்தைக் கூப்பிடவே வக்கில்லாத மனிதனுக்கு இரண்டாவது ஒரு கேடா? உண்மையான காரணம் வருமான வரி. நான் வரி கட்டாததால் வந்த வினை இல்லை. சட்டப்படி, ஒழுங்காக, மிகக் குறைவாகக் கட்டியதால் வந்த வினை.

ஊரில் நான் ஆளேற்றும் வான் ஓடிய காலம் ரிஸ்விக்கு ஞாபகம் இருக்கும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஓட்டம். கல்முனைச் சந்தியில் ஏறும் கிளாக்கர்மாரும், அட்டாளைச்சேனையில் இறங்கும் வாத்திமாரும், நிந்தவூர் மீன் பெட்டியும் ஒரே வானில்தான். கணக்கு என்பது சட்டைப் பை. காசு அதற்குள் போகும், டீசலுக்கு அதற்குள்ளிருந்தே வரும், அந்திக்கு மிஞ்சுவது லாபம். அந்த லாபம் எவ்வளவு என்று என்னையும் அல்லாஹ்வையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. சந்தியில் ஒருவன், “என்ன மச்சான், ஓட்டம் எப்படி?” என்று கேட்டால், வானுக்குள் ஆள் நிற்க இடமில்லாத நாளிலும், “ஏதோ போகுது, அல்லாஹ் தாறான்” என்பேன். கேட்டவனும் அதைத்தான் எதிர்பார்ப்பான். தொகையைச் சொன்னால் கண்ணும் படும், கடன் கேட்டு ஆளும் வரும்.

அந்தப் பதிலை நான் லண்டனுக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஒருநாள் காரில் ஏறிய வெள்ளைக்காரக் கிழவி, “இன்றைக்கு நல்ல உழைப்பா?” என்று கேட்டா. நான் முகத்தைச் சுருக்கி, தலையை ஆட்டி, மேலே கையைக் காட்டினேன். உண்மையில் அன்று நல்ல ஓட்டம். மனுசி இறங்கும்போது கூலியோடு, பாதி தின்ற பிஸ்கட் பக்கற்றையும் என் மடியில் வைத்து, கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனா.

இந்த ஊரில் சொந்தமாக உழைக்கிறவன் தன் வரியைத் தானே கணக்குப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று புதிதாக ஒரு சட்டம் வந்தது. அறுக்கப் போகும் ஆட்டிடமே எங்கே வெட்டலாம் என்று கேட்கிற மரியாதை. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இது சரிவராது என்று, யாழ்ப்பாணத்துக் கணக்காளர் ஒருவரிடம் போனேன். பெயர் சிவநேசன். அவரது அறை ஒரு கறிக்கடைக்கு மேலே. வரிப் பேப்பரெல்லாம் வெங்காயம் மணக்கும்.

“ஐயா, உங்கடை செலவைச் சொல்லுங்கோ” என்றார். பெற்றோல், காப்புறுதி, திருத்தவேலை, வாராவாரம் மினிகாப் கந்தோருக்குக் கட்டும் கிழமை வாடகை எல்லாம் சொன்னேன்.

“சாப்பாடும் போடுங்க சேர். பசியோட எப்படி ஓடுற?”

“அது ஏலாது. கார் பெற்றோல் குடிச்சால் செலவு. நீங்கள் தேத்தண்ணி குடிச்சால் சொந்த விசயம்.”

“வெள்ளிக்கிழமைல காருக்குப் பிழை வரப்படாண்டு பள்ளிவாசல் உண்டியல்ல சதக்காக் காசு போடுறன். அது காருக்குத்தானே?”

“உண்டியல் ரசீது தருமோ?” என்று சிரித்தார். “சரி, கணக்கை எங்கை இருந்து எழுதுறனீங்கள்?”

“அறையில கட்டில்ல இருந்துதான்.”

“அப்ப அந்தக் கட்டில்தான் உங்கடை ஒபிஸ், கந்தோர். அறை வாடகையிலை, லைற்றிலை ஒரு பங்கு கழிக்கலாம். காரும் வருசா வருசம் கிழடாகுது. அதுக்கும் கழிக்கலாம்.”

“நானும்தான் சேர் வருசா வருசம் கிழடாகுறன்.”

“உங்களுக்குக் கழிக்கச் சட்டம் இல்லை ஐயா.”

அவர் எழுதி முடித்தபோது, விடிய எழும்பி அந்தி வரைக்கும் ஓடுகிற நான், அந்தக் கடதாசியில் கொஞ்சம் மூச்சு மட்டும் உள்ள ஒரு ஏழையாக இருந்தேன். வரி சொற்பம். எல்லாம் சட்டத்துக்குள். சிவநேசனின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். வரும் வழியில் இறைச்சி வாங்கி ஆக்கித் தின்றேன். இரண்டு வருசம் இப்படி ஏழையாகிச் சந்தோசப்பட்டேன்.

அதற்கு மறுகா எனக்கு இங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்து, உங்களைக் கூப்பிட விண்ணப்பித்தோம். குடும்பத்தை என் உழைப்பில் வைத்துப் பார்ப்பேன் என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு என்னிடம் இருந்தது சிவநேசன் எழுதிய கணக்குத்தான். அதையே அனுப்பினேன். நீங்கள் மூன்று பேரும் வெளியே வாங்குப் பலகையில் இருக்க, உம்மா கொழும்பு விசாக் கந்தோரில் நேர்முகத்துக்குப் போனா. அங்கே மொழிபெயர்ப்பாளர், “உங்கட கணவர் கிழமைக்கு எவ்வளவு உழைக்கிறார்?” என்று கேட்டாராம்.

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுச் சொன்னாவாம்: “ஏதோ, அல்லாஹ் தாறான்.”

“தொகையைச் சொல்லுங்க.”

“ஆம்புளைர உழைப்ப அன்னியாக்களுக்கிட்டச் சொல்ற பழக்கம் எங்களுக்கிட்ட இல்ல. ஒரு கொறையும் இல்லண்டு எழுதுங்க.”

அந்த வெள்ளைக்கார அதிகாரி என்ன செய்வார், பாவம். மனைவிக்கு உழைப்புத் தெரியவில்லை. கணக்கிலோ உழைப்பே இல்லை. இந்த மனிதன் தனக்கே சோறு போட முடியாதவன், இன்னும் நாலு வயிற்றை எப்படி நிரப்புவான் என்று மரியாதையான இங்கிலீசில் எழுதி மறுத்துவிட்டார். அந்தக் கடிதத்தில் ஒரு பொய்யும் இல்லை.

உம்மா சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடையிலிருந்து போன் எடுத்தா.

“நான் பிழையாச் சொல்லிட்டனா?”

“இல்லகா. நீ சொன்னதும் சரி, கணக்காளர் எழுதினதும் சரி. ரெண்டும் ஒரே மேசைக்குப் போனதுதான் பிழை.”

சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. “ரிஸ்விர வயசு?” என்று மட்டும் கேட்டா. ரிஸ்வி, அந்தக் கேள்விதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. பதினெட்டு தாண்டினால் இந்த நாட்டுச் சட்டத்தில் நீ என் பிள்ளை இல்லை, தனி ஆள். தம்பியும் தங்கச்சியும் உம்மாவும் விமானம் ஏற, நீ மட்டும் கல்முனையில் நிற்க வேண்டிவரும். அதற்கு முன் இன்னும் ஒரு தடவை விண்ணப்பிக்கத்தான் காலம் இருக்கிறது. அந்தத் தடவை காட்டுவதற்கு இந்த வருசக் கணக்கு ஒன்றுதான் இருக்கிறது.

திரும்பவும் வெங்காய மணத்துக்குள் ஏறிப் போனேன். “சேர், இந்த வருசம் என்ட லாபத்தக் கூட்டித் தாங்க” என்றேன்.

சிவநேசன் பேனையைக் கீழே வைத்தார். “விசரே ஐயா உங்களுக்கு? இஞ்சை வாற சனம் எல்லாம் ஏழையாக்கித் தாங்கோ எண்டுதான் கேக்கிறது.”

“நான் ஏழையா இரிந்து பாத்திட்டன். புள்ளையள் வரல்ல.”

அவர் என் பழைய கணக்கை எடுத்துப் புரட்டினார். பிறகு, பெற்றோலும் காப்புறுதியும் நடந்த செலவு, அதை மறைத்தால் கள்ளக் கணக்கு என்றார். ஆனால் கட்டிலை விடலாம், காரின் கிழத்தனத்தையும் விடலாம், அந்தக் கழிவுகளைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை என்றார். இப்படியாக என் கட்டில் கந்தோர் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று மறுபடி கட்டிலானது. மிச்சத்தை நான் ஓடித்தான் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறேன். வரி எவ்வளவு வரும் என்று சிவநேசன் சொன்னபோது, ஊரில் ஒரு பழைய வான் வாங்கலாமே என்று தோன்றியது. உலகத்திலேயே கூடுதலாக வரி கட்ட ஆசைப்பட்டு ஓடும் ஒரே டாக்சிக்காரன் உங்கள் வாப்பாதான். ஊரில் பெருமையாகச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உம்மாவின் வாயால் தொகையைச் சொல்லப் பழக்குங்கள். போனில் நான் கேட்டுப் பார்த்தேன். “வெக்கமாரிக்கி, கண்ணும் படும்” என்கிறா. படட்டும். இந்த ஒரு தடவை மட்டும் விசாக்காரரின் கண் நன்றாகப் பட வேண்டும்.

போன கிழமை விமான நிலையத்துக்கு ஒரு ஓட்டம் கிடைத்தது. பீட்டர்சன் என்ற ஒருவரை ஏற்ற வேண்டும். அவருடைய விமானம் பிந்திவிட்டது. ஆட்கள் வெளியே வரும் வாசலில், மற்ற சாரதிமார்களைப்போல நானும் அவரது பெயர் எழுதிய அட்டையோடு கம்பியில் சாய்ந்து நின்றேன். கொழும்பு விமானத்துச் சனம் முதலில் வந்தது. முக்காட்டோடு பெண்கள், கயிறு சுற்றிய பெட்டிகள், தூங்கி விழுகிற பிள்ளைகள். அந்தச் சனம் கலைந்த பிறகு, பக்கத்துச் சாரதியிடம் தடித்த பேனையை வாங்கி, அட்டையின் பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன்: ரிஸ்வி. பர்ஸானா. நிஹாத். அதற்குக் கீழே உங்கள் உம்மாவின் பெயரையும் எழுதினேன். பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பீட்டர்சனைச் சனத்தின் பக்கமும் உங்களை என் நெஞ்சுப் பக்கமுமாக வைத்து, அட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.